ஆங்கில நிபந்தனைத் தொடரும் தமிழ் மாணவரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து பணி நியமனக் கடிதம் வந்தது. அவர், தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை. கடிதத்தின் இறுதிப் பத்தி 'ஷுட் யூ ஃபெயில் டு ரிப்போர்ட் பை த டென்த்' எனத் தொடங்கி, 'திஸ் ஆஃபர் வில் லேப்ஸ்' என முடிந்திருந்தது. பத்தாம் தேதிக்குள் வந்து சேரத் தவறினால் இந்நியமனம் செல்லாததாகிவிடும் என்பது அதன் பொருள். 'ஷுட்' என்றால் 'வேண்டும்', 'ஃபெயில்' என்றால் 'தோல்வி' என்று மட்டுமே அறிந்திருந்த அம்மாணவர், அத்தொடரை ஏதோ ஒரு கேள்வி எனக் கருதிக் கடந்துவிட்டார். பன்னிரண்டாம் தேதி சென்றார். இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

அவர் அறிவிலோ உழைப்பிலோ குறைந்தவரல்லர். ஒரு தொடரின் சொல் வரிசை மாறியிருந்தது. அம்மாற்றத்தின் பொருளை எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவே. ஆங்கிலத் தொடரைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதேன் என்று சிலர் வினவக்கூடும். அதைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதே என் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் நிபந்தனையைக் குறிக்கும் சொல் 'இஃப்' என்பதனைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். 'இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்' என்றால் 'நான் அறிந்திருந்தால் வந்திருப்பேன்' என்று பொருள். இதனையே 'ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்' என்றும் எழுதுவர். இங்கே 'இஃப்' மறைந்துவிட்டது. எழுவாய்க்குப் பின் நிற்க வேண்டிய 'ஹேட்' என்னும் துணைவினை எழுவாய்க்கு முன் வந்துவிட்டது. சொல் போனதை இடமாற்றம் ஈடுசெய்கிறது. இவ்வாறு முன்வரும் உரிமை இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் மூன்று சொற்களுக்கே உண்டு. அவை ஹேட், வெர், ஷுட் என்பன. குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் எழுதி 1985-இல் வெளிவந்த பேரிலக்கண நூலும் இம்மூன்றையே இவ்வகைக்குச் சிறப்பாகச் சுட்டுகிறது.

'வெர் ஐ ரிச், ஐ வுட் பில்ட் எ ஸ்கூல்' என்பது, செல்வரல்லாத ஒருவர் 'நான் செல்வனாக இருந்தால் ஒரு பள்ளி கட்டுவேன்' என்று கூறுவது. 'ஷுட் யூ நீட் ஹெல்ப், ரைட் டு மீ' என்பது 'உமக்கு உதவி தேவைப்படுமாயின் எனக்கு எழுதுக' என்பது. இங்கு 'ஷுட்' என்பதில் கடமைப் பொருள் சிறிதும் இல்லை. 'ஒருவேளை' என்னும் ஐயப் பொருளே உண்டு. என் மாணவர் இடறியது இவ்விடத்திலேதான்.

இம்மூன்று சொற்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றும் இறந்தகால வடிவங்கள். 'ஹேவ்' என்பதன் இறந்தகாலம் ஹேட். 'பீ' என்பதன் இறந்தகாலம் வெர். ஷுட் என்பதும் பிறப்பால் 'ஷல்' என்பதன் இறந்தகாலமே. நடவாததையும் இனி நடக்கக்கூடியதையும் சொல்ல இறந்தகாலம் எதற்கு என்று மாணவர் மலைப்பர். ஆனால் அவர் நாவிலேயே அதற்கு விடை இருக்கிறது. 'நீ நாளை வந்தால்' என்கிறோமே, நாளை என்பது எதிர்காலம் அன்றோ? 'செய்தால்' என்பதனைப் பிரித்துப் பாருங்கள்: செய் + த் + ஆல். நடுவில் நிற்பது இறந்தகால இடைநிலை. தமிழனும் எதிர்கால நிபந்தனையை இறந்தகால அடியின்மேல்தான் கட்டுகிறான்.

நம் சமுதாய மாணவர்க்கு இன்னொரு சான்றும் அருகிலேயே உண்டு. நாள்தோறும் பலமுறை நாம் மொழியும் 'இன்ஷா அல்லாஹ்' என்பதே ஒரு நிபந்தனைத் தொடர். 'இன்' என்பது நிபந்தனைச் சொல். 'ஷாஅ' என்பது 'நாடினான்' என்னும் இறந்தகால வினை. கருத்தோ 'அல்லாஹ் நாடினால்' என்பது. அரபு இலக்கணம் பயின்ற பெரியோர், நடக்கக்கூடிய நிபந்தனைக்கு 'இன்' என்றும், நடவாது போனதற்கு 'லவ்' என்றும் வேறு வேறு சொற்கள் இருப்பதனை நன்கறிவர். ஷுட் என்னும் தொடருக்கும் ஹேட் என்னும் தொடருக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ அதுவே. மதரஸாவில் 'நஹ்வு' ஓதிய மாணவர்க்கு இவ்வேறுபாட்டைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, நினைவூட்டினால் போதும்.

வினையை முன்னே தள்ளுவதுதான் நமக்கு அந்நியமானதோ என்றால் அதுவும் அன்று. 'தொட்டாயோ, கெட்டாய்' என்று தாய்மார் பிள்ளைகளை அதட்டுவதுண்டு. 'பெய்ததோ மழை, பிழைத்தோம்' என்று உழவர் சொல்வதுண்டு. வடிவத்தில் இவை வினாக்கள், பொருளில் நிபந்தனைகள். ஆங்கிலத் தொடரும் அவ்வாறே வினாவின் தோற்றம் கொண்டு நிபந்தனையின் பொருள் தருகிறது. ஜெர்மன் மொழியிலும் வினையை முதலில் வைத்து நிபந்தனை கூறும் வழக்கு இன்றும் உண்டு. பழைய ஆங்கிலத்திலும் அது வழங்கிற்று. ஆகவே இது பிற்காலத்தார் புனைந்த அலங்காரமன்று. பழைய வேரிலிருந்து வந்தது.

இவ்வடிவத்தின் மதிப்பும் தமிழால் விளங்கும். 'தேவைப்பட்டால்' என்பது இயல்பான வழக்கு. 'தேவைப்படுமாயின்' என்பது எழுத்து வழக்கு. தொல்காப்பியமும் நன்னூலும் வினையெச்ச வாய்பாடுகளுள் 'செயின்' என்பதனை எண்ணுகின்றன. அவ்வடிவம் இன்று பேச்சில் அருகி, ஏட்டில் வாழ்கிறது. ஆங்கிலத்தில் 'இஃப்' இயல்பு வழக்கு. சொல் வரிசை மாறியது ஏட்டு வழக்கு. எனவேதான் அது நண்பர் கடிதத்தில் அரிதாகவும், ஒப்பந்தம், விதிமுறை, நியமன ஆணை ஆகியவற்றில் மிகுதியாகவும் காணப்படுகிறது. அதாவது, தவறாகப் படித்தால் இழப்பு நேரும் இடங்களிலேயே அது மிகுதி. இதனை அணிநலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

மாணவர் நினைவிற் கொள்ள வேண்டியவை சிலவே. ஹேட், வெர், ஷுட் என்பவற்றுள் ஒன்று தொடரின் முதலில் வந்தால், இறுதியில் வினாக்குறி உண்டா என்று பார்க்க. அஃதின்றி, காற்புள்ளியும் அதன்பின் முழுமையான மற்றொரு வாக்கியமும் இருக்குமாயின் அது நிபந்தனை. 'இஃப்' சேர்த்து, துணைவினையை எழுவாய்க்குப் பின் வைத்துப் படித்தால் ஐயம் தீரும். சில வேளை நிபந்தனை பின்னாலும் வரும். 'ஐ வுட் ஹேவ் கம் ஹேட் ஐ நோன்' என்பது போல. அங்கே காற்புள்ளியும் இராது. எழுதும்போது 'இஃப் ஹேட் ஐ நோன்' என இரண்டையும் சேர்த்தல் பிழை. எதிர்மறையில் 'ஹேட் ஐ நாட் நோன்' என்பதே முறை. 'ஹேடன்ட் ஐ நோன்' என்று சுருக்குதல் ஆகாது. 'வெர்' வரும் இடத்தில் 'வாஸ்' என்பதனை முன்வைப்பதும் கூடாது.

அறிந்துகொண்டோம் என்பதற்காக இதனைப் பேச்சிலெல்லாம் புகுத்த வேண்டா. அங்காடியில் நின்று 'தருவையேல் பெறுவேன்' என்று தமிழில் பேசினால் எப்படியோ, அப்படித்தான் அதுவும் ஒலிக்கும். படித்தறிய வல்லவராதல் முதற்படி. தக்க இடத்தில் எழுத வல்லவராதல் இரண்டாம் படி. தேர்வுக்காக உருமாற்றப் பயிற்சியை மனப்பாடம் செய்து, மறுநாளே மறந்துவிடுதல் இரண்டிலும் சேராது.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தமிழ் இடையே வந்தால் சிந்தனை தடைப்படும் என்பார் உளர். இளமை முதல் ஆங்கிலச் சூழலில் வளர்ந்தார்க்கு அது பொருந்தலாம். தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வரும் பதினெட்டு வயது மாணவரிடம் முழு வளர்ச்சி பெற்ற ஓர் இலக்கணம் ஏற்கெனவே உள்ளது. அதனை வகுப்பறை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு வா என்பது, கையில் விளக்கு இருக்க இருட்டில் தடவச் சொல்வதாகும்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-இலும், திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951-இலும் தோன்றின. அக்காலப் பெரியோர் நவீனக் கல்வியை அஞ்சி விலக்கவில்லை. தம் பொருளை ஈந்து அதனை ஏழைப் பிள்ளைகளின் வாயிலுக்குக் கொண்டுவந்தனர். அப்பணியில் எஞ்சியிருக்கும் பகுதியே இது. முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து வாரம் ஒரு வகுப்பேனும் ஒப்பிலக்கண முறையில் நடத்தலாம். பாடநூல் வாக்கியங்களை விடுத்து, நியமனக் கடிதங்களையும் விண்ணப்பங்களையும் படித்துப் பழக்கலாம். கல்வி உதவித்தொகைக்கு ஆங்கிலத்தில் படிவம் அச்சிடும் சமுதாயப் பெரியோரும், நிபந்தனைகளை 'இஃப்' கொண்டு எளிதாக எழுதி, அருகில் தமிழும் தருவாராயின் பேருதவியாகும்.

நடந்து முடிந்ததை எண்ணி 'அப்படிச் செய்திருந்தால்' என்று 'லவ்' சொல்லிப் புலம்புவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு நபிமொழி உண்டு. என் மாணவரும் புலம்பவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டார். ஆயினும் 'அறிந்திருந்தால்' என்று அவர் ஒருமுறை சொன்னது என் செவியில் இன்றும் நிற்கிறது. அச்சொல்லை அடுத்து வரும் மாணவர் சொல்லாதிருக்கச் செய்வது ஆசிரியராகிய நம் கடமை. இன்ஷா அல்லாஹ், செய்வோம்.