எளிமையும் புதுமையே

ஆடுபவரே கதைமாந்தராகி, ஊர் ஊராய்த் திரிந்து வலிமை பெறும் கணினி விளையாட்டுகளை நீங்கள் அறிவீர்கள். இவற்றில் மேலைநாட்டார் புதுமை படைப்பர், ஜப்பானியர் பழையதையே மெருகேற்றுவர் என்பர் பலர். எனக்கு இஃது உடன்பாடன்று.

1981இல் அமெரிக்காவில் 'அல்டிமா', 'விசார்ட்ரி' ஆகியவை வெளிவந்தன. அவற்றை ஆடக் கணினி வேண்டும். விசைப்பலகையில் எந்த எழுத்து எச்செயலுக்கு உரியது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அவ்விரண்டிலும் தோய்ந்த யூஜி ஹோரி, 1986இல் 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டை உருவாக்கினார். பேசு, தேடு, கதவைத் திற எனச் செயல்களைத் திரையிலேயே பட்டியலிட்டார். சில பொத்தான்களே உடைய கைக்கருவியைக் கொண்டு, வீட்டுத் தொலைக்காட்சியில் சிறுவரும் ஆடினர். குறைத்ததனால் பிறந்த புதுமை அது! பெருக்குவதே புதுமை என்போர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை.

மேலைநாட்டார் ஆக்கமும் சிறிதன்று. 1985இல் வந்த 'அல்டிமா 4' விளையாட்டில் இறுதியில் வீழ்த்தவேண்டிய பெரும்பகைவன் இல்லை. எட்டு அறங்களில் தேர்வதே இலக்கு. பார்வையற்ற வணிகரிடம் காசைக் குறைத்துக் கொடுத்தால், ஆடுபவரின் நேர்மை குறையும்.

பின்னர், ஜப்பானின் 'மதர் 2' விளையாட்டில் ஈடுபட்ட அமெரிக்கர் டோபி ஃபாக்ஸ், 2015இல் 'அண்டர்டேல்' படைத்தார். அதில் பகைவர் ஒருவரையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம்.