மின் கட்டணமும் அமானிதமும்



விரிஞ்சிபுரத்தில் கோடைதோறும் நம் வீடுகளில் எழும் கேள்வி இது: சற்றே கூடுதலாகத்தானே மின்சாரம் பயன்படுத்தினோம், கட்டணம் ஏன் இவ்வளவு?

விடை அடுக்குமுறையில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரு மாதங்களில் 500 யூனிட்டுக்கு ரூ.1,725, 501 யூனிட் ஆனால் ரூ.1,958. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500ஐக் கடந்ததும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய ரூ.2.25 விலகி, ரூ.4.50 ஆகிவிட்டது. 2024இல் விகிதங்கள் உயர்ந்தன, முறை மாறவில்லை.

இரு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் இவ்வெல்லை எளிதில் தாண்டப்படும். இரு வீட்டுக்கும் தனித்தனியே கிடைக்க வேண்டிய இலவச யூனிட்டுகளும் ஒன்றாகச் சுருங்கும். இந்நிலையில், குடியிருப்போரிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என வசூலித்து மிச்சத்தை வைத்துக்கொள்வது நியாயமா? அளவில் மோசடி செய்வோரை எச்சரித்தே அல்முதஃப்ஃபிஃபீன் அத்தியாயம் தொடங்குகிறது. அவ்வெச்சரிக்கை தராசுக்கு மட்டுமன்று, மீட்டருக்கும் உரியது என்பதே நம் கருத்து.

வீட்டு உரிமையாளர்கள் தனி இணைப்புப் பெற்றுத் தரட்டும். இயலாவிடில் மின்வாரிய ரசீதைக் காட்டி உண்மைத் தொகையைப் பங்கிடட்டும். குடியிருப்போர் வீண்விரயம் தவிர்க்கட்டும். கணக்கெடுத்த நாளின் எண்ணைக் குறித்துவைத்து வாரந்தோறும் மீட்டரைப் பார்த்துவந்தால், எல்லை நெருங்குவது முன்னரே தெரியும்.

பிறர் உரிமையைப் பேணி வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.