ஈயத்துக்குத் தேனீக் கொடுக்கா மருந்து?

ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களின் பாதிப்பிலிருந்து தேனீ நஞ்சு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் காக்கிறது, எலிகளில் பார்த்துவிட்டார்கள், எனவே தேனீக் கொட்டு வைத்தியம் நமக்கும் பலிக்கும் என்கிறார்கள். சோதனைகள் நடந்தது உண்மை. முடிவுதான் தவறு.

1. எலிகளில் என்ன அளந்தார்கள்? மாலோன்டைஆல்டிஹைடு குறைந்தது, குளூட்டாதயோன் கூடியது. ஆக்சிஜனேற்றச் சேதம் தணிந்ததற்கு இவை அடையாளம். உலோகம் உடம்பை விட்டுப் போனதற்கு அல்ல.

2. பெரியவர்கள் உடலில் சேரும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய் உட்காருகிறது, பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கிறது. கொடுக்கு அதை எப்படிப் பிடுங்கும்? ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றுவதற்கென்றே சக்சிமர், ஈ.டி.டி.ஏ. போன்ற மருந்துகள் இருக்கின்றன.

3. எலிக்குக் கொடுத்த உலோகத்துக்கும் நஞ்சுக்கும் கணக்கு உண்டு. பேட்டரிப் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் ஈயப்புகை குடித்தவருக்கு எத்தனை கொட்டு? யார் சொன்ன கணக்கு?

4. நஞ்சின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி மெலிட்டின். செல் சவ்வைத் துளைப்பது அதன் வேலை, சிவப்பணுவையும் உடைக்கும். ஈயத்தால் ஏற்கெனவே சோகை பிடித்தவருக்கு இது தேவையா?

5. 2018இல் வெளியான ஸ்பெயின் மருத்துவ அறிக்கையைப் படியுங்கள். இரண்டு ஆண்டுகளாகக் கொட்டு வைத்தியம் செய்துவந்த 55 வயதுப் பெண், ஒரு கொட்டில் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு உள்ளாகி, பின்னர் இறந்தார்.

6. தேனீ நஞ்சு இயற்கையானதாம். ஈயம் மட்டும் எங்கிருந்து வந்தது?

சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். ஈயம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். மருத்துவரிடம் போங்கள், தேன்கூட்டிடம் அல்ல.