தண்டவாளத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்
சிட்னி ரயில் சேவை, ஊழியர் ஊதியம், பராமரிப்பு நிதி பற்றி மேய்ஸ் ஹில் வட்டாரத் தமிழ்ப் பயணிகளின் நிலைப்பாடு

ரயில் ஊழியர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஊதியத்தைத் தண்டவாளப் பராமரிப்பில் கைவைத்துக் கொடுக்கக் கூடாது. வால்பெட்டியில் நின்று பயணிகளைக் கவனிக்கும் கார்டுகளைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸ் அரசிடம் நாங்கள் முதலில் சொல்வது இதுதான். தொழிற்சங்கங்களிடம் சொல்ல வேண்டியதும் எங்களிடம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

மேய்ஸ் ஹில்லில் ரயில் நிலையம் கிடையாது. ஆனாலும் இங்கே ரயிலை நம்பி வாழாத வீடு குறைவு. வெஸ்ட்மீட், பரமட்டா, மெரிலண்ட்ஸ் நிலையங்களுக்கு நடந்தோ பேருந்திலோ போய் ஏறுகிறோம். வெஸ்ட்மீட் வைத்தியசாலையில் இரவு வேலை முடித்து வரும் தாதியர், நகரத்துக் கணினி நிறுவனங்களுக்குப் போகும் இளையோர், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர்கள், பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பிளாட்பாரத்தில்தான் நிற்கிறார்கள். கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலையோரம் இருக்கும் சிட்னி முருகன் ஆலயத்துக்குத் தொலைவிலிருந்து வரும் வயதானவர்களில் பலர் கார் ஓட்டுவதில்லை. ரயில் நின்றால் அவர்களுக்குத் திருவிழாவும் இல்லை, வெள்ளிக்கிழமைப் பூசையும் இல்லை.

2024 மே மாதத்தில் சிட்னி ட்ரெயின்ஸ் ஊழியர்களின் பழைய ஒப்பந்தம் காலாவதியானது. புதிய ஒப்பந்தத்துக்கு ரயில், டிராம், பேருந்துத் தொழிற்சங்கம் நான்காண்டுகளில் 32 சதவீத உயர்வு கேட்டது. அரசு அதைவிட மிகக் குறைவாகவே கொடுக்க முன்வந்தது. நவம்பரில் நான்கு நாட்கள் ரயிலே ஓடாது என்ற நிலை கடைசி நேரத்தில் தவிர்க்கப்பட்டது. டிசம்பரில் அரசு ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய்ப் போராட்டத்துக்குத் தடை வாங்கியது. இரண்டு வாரங்களுக்குள்ளேயே அந்தத் தடை விலகிவிட்டது. புத்தாண்டு இரவு வாணவேடிக்கைக்கு ரயில் ஓடுமா என்று ஊரே கவலைப்பட்டது.

பொங்கலுக்கு மறுநாள், 2025 ஜனவரி 15 அன்று நடந்ததை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடிய இடங்களில் வேகத்தை 23 கிலோமீட்டர் குறைத்து ஓட்டுவது அப்போது தொழிற்சங்கத்தின் போராட்ட முறைகளில் ஒன்றாக இருந்தது. இப்படி வேலையின் ஒரு பகுதியை மட்டும் மறுக்கிறவர்களுக்கு ஊதியமே கொடுக்க முடியாது என்று நிர்வாகம் அறிவித்தது. சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஊதியமில்லாமல் ஏன் வேலை செய்ய வேண்டும் என்று ஊழியர்கள் பெருமளவில் வராமல் இருந்தார்கள். சட்டப்படி பார்த்தால் இரு தரப்பும் தத்தம் உரிமைக்குள்தான் நின்றன. வெயிலில் பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்குத்தான் எந்த உரிமையும் இல்லாமல் போயிற்று. பிப்ரவரி 14 அன்று நிலைமை மறுபடியும் அப்படியே ஆனது. அதன்பின் தொழில் தகராறுகளை விசாரிக்கும் ஃபேர் வொர்க் கமிஷன் தலையிட்டு, ஜூலை 1 வரை எந்தப் போராட்டமும் கூடாது என்று நிறுத்திவைத்தது. ஆண்டின் நடுப்பகுதியில் மூன்றாண்டுகளுக்கு 12 சதவீதம் என்று இணக்கம் ஏற்பட்டது.

12 சதவீதம் நியாயமான முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம். 32 என்பது பேரத்தைத் தொடங்குவதற்கான எண் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. 2011 முதல் ஒரு பத்தாண்டுக்கு மேல் இந்த மாநிலத்தில் அரசு ஊழியர்களின் ஊதிய உயர்வுக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்ற உச்சவரம்பு இருந்தது. 2022 இறுதியில் ஆஸ்திரேலியாவின் பணவீக்கம் 7.8 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டில் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும் என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவே ரயில் ஊழியர்கள் பேராசைக்காரர்கள் என்ற பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. 2025 நடுவில் வந்த இணக்கம் 2024 செப்டம்பரிலேயே வந்திருக்கலாம். இடையில் போன மாதங்களுக்கு அரசும் தொழிற்சங்கமும் பயணிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளன.

ஊதியத் தகராறு கண்ணுக்குத் தெரிகிறது. அதைவிட ஆழமான பிரச்சினை பணம் எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்பது. 2020இல் அப்போதைய அரசு ரயில் தண்டவாளம், நிலையம், வண்டி எல்லாவற்றையும் டி.ஏ.எச்.இ. என்ற தனி நிறுவனத்தின் பெயரில் வைத்தது. ரயிலுக்குச் செலவிடும் பெருந்தொகை இதனால் வரவு செலவுத் திட்டத்தின் கணக்கில் முதலீடாகத் தோன்றும். பற்றாக்குறை குறைந்தாற்போல் காட்டலாம். ரயில் ஓட்டும் நிறுவனம் தான் ஓட்டும் தண்டவாளத்துக்கே அந்த நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. மாநிலத் தணிக்கை அதிகாரி இந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். அரசு மாறியபின் அந்த அமைப்பும் மாற்றப்பட்டது. ஆனால் மேசையில் இருந்தவர்கள் ஏட்டைச் சரிக்கட்டிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் தண்டவாளத்தில் வேலை தேங்கிக்கொண்டிருந்தது.

தேங்கிய வேலை 2023 மார்ச் 8 அன்று தன்னைக் காட்டிக்கொண்டது. மாலை நெரிசல் நேரம் தொடங்கும்போது ரயில் வானொலித் தொடர்பு அறுந்து, சிட்னி முழுவதும் வண்டிகள் நின்றன. அதே ஆண்டு வந்த தனிக்குழு ஆய்வு, 2017 கால அட்டவணை வண்டிகளை நெருக்கமாக ஓட்டிப் பராமரிப்புக்கு நேரமே விடவில்லை என்று சுட்டிக்காட்டியது. 9 கோடியே 70 லட்சம் டாலரில் அவசரப் பழுதுபார்ப்புத் திட்டம் வந்தது. அது போதவில்லை. 2025 மே 20 அன்று ஸ்ட்ராத்ஃபீல்ட் அருகே உயரழுத்த மின்கம்பி அறுந்து ஒரு ரயிலின் மேல் விழுந்தது. பயணிகள் உள்ளேயே சிக்கினார்கள். மேற்குப் பாதை இரண்டு நாட்கள் சின்னாபின்னமானது. அதற்குப் பிறகுதான் நான்காண்டுகளில் 45 கோடி டாலருக்கு மேல் கூடுதல் நிதி என்று அறிவித்தார்கள். கம்பி அறுவதற்கு முன்னால் கிடைக்காத பணம் அறுந்த பின்னால் கிடைக்கிறது. இந்த வழக்கத்தைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். 2025 ஜூலையில் போக்குவரத்துத் துறை 950 அலுவலகப் பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோதும் எங்கள் கேள்வி ஒன்றுதான்: அவர்களில் எத்தனை பேர் பராமரிப்பைத் திட்டமிடுகிறவர்கள், பாதுகாப்பைச் சரிபார்க்கிறவர்கள்? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

மேய்ஸ் ஹில்லிலிருந்து கிரான்வில் கூப்பிடு தூரம். 1977 ஜனவரி 18 காலையில் மவுண்ட் விக்டோரியாவிலிருந்து நகரத்துக்கு வந்துகொண்டிருந்த ரயில் அங்கே தடம் புரண்டு போல்ட் வீதிப் பாலத்தின் தூண்களில் மோதியது. கனத்த காங்கிரீட் பாலம் பெட்டிகளின் மேல் இடிந்து விழுந்தது. 83 பேர் இறந்தார்கள். பிறக்காத ஒரு சிசுவையும் சேர்த்து 84 என்று பிற்காலத்தில் நினைவுச் சின்னத்தில் பதித்தார்கள். காலை வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். விசாரணை சொன்ன காரணம் பயங்கரவாதமோ இயற்கைச் சீற்றமோ அல்ல: தண்டவாளம் சரியாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. ஆஸ்திரேலிய ரயில் வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை. பராமரிப்பு நிதியைக் 'குறைக்கக்கூடிய செலவு' என்ற பட்டியலில் எழுதுகிறவர்கள் ஒருமுறை அந்த நினைவிடத்துக்குப் போய்ப் பெயர்களை வாசித்துவிட்டு வரட்டும்.

கார்டு விஷயத்துக்கு வருகிறோம். வெஸ்ட்மீட்டில் வண்டி வந்து நின்றதும் வால்பெட்டியில் ஒருவர் வெளியே எட்டிப் பார்ப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். குழந்தை வண்டியின் சக்கரம் இடைவெளியில் மாட்டியிருக்கிறதா, ஊன்றுகோலோடு ஒரு பாட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறாரா, யாருடைய பையாவது கதவில் சிக்கியிருக்கிறதா என்று பிளாட்பாரம் முழுக்கக் கண்ணோட்டிய பிறகே அவர் கதவை மூடி, ஓட்டுநருக்கு மணியடிப்பார். மரியுங் என்ற புதிய தொலைதூர ரயில்களில் இந்த வேலையைக் கேமராவைப் பார்த்து ஓட்டுநரே செய்துகொள்ளலாம் என்று முன்பிருந்த அரசு திட்டமிட்டது. தொழிற்சங்கம் மறுத்தது. 2016இல் வாங்க முடிவான வண்டிகள் ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் கிடந்து, கார்டுக்கு ஏற்றபடி திருத்தப்பட்டு, 2024 டிசம்பரில்தான் நியூகாசில் பாதையில் ஓடின. அந்தத் தாமதத்தைத் தொழிற்சங்கத்தின் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. யாரையும் கேட்காமல் வண்டியை வடிவமைத்து வாங்கியவர்கள்தான் அந்தச் செலவுக்குப் பொறுப்பு என்பது எங்கள் தீர்ப்பு.

கார்டு இருந்தால் மட்டும் போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 2003 ஜனவரி 31 அன்று வாட்டர்ஃபால் அருகே ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்து, அவர் காலடியில் இருந்த பாதுகாப்பு மிதியும் வேலை செய்யாமல், வண்டி வளைவில் கவிழ்ந்து ஏழு பேர் இறந்தார்கள். வண்டியில் கார்டு இருந்தார், பிரேக் போடப்படவில்லை. தேவைப்பட்டால் ஓட்டுநரை மீறிப் பிரேக் போடத் தயங்காத பயிற்சியும் போதிய ஓய்வும் கார்டுக்கு வேண்டும் என்பதே அந்த விபத்து சொன்ன பாடம். ஆகவே கார்டுகளைக் குறைப்பது பற்றிய பேச்சை விட்டு, அவர்களுக்கு என்ன பயிற்சி, எத்தனை மணித்தியால ஓய்வு என்று பேசுங்கள்.

வேலைநிறுத்த உரிமையைப் பற்றி எங்கள் அமைப்புக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ரயில், வைத்தியசாலை போன்ற இடங்களில் வேலைநிறுத்தமே கூடாது என்று சிலர் வாதிட்டார்கள். பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. எங்களில் முதியவர்கள் 1980 ஜூலையில் இலங்கையில் நடந்ததை நேரில் கண்டவர்கள். ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேரை ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசு வீட்டுக்கு அனுப்பியது; ரயில்வே தொழிலாளர் அதில் நிறையப் பேர். தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு 1974 மே நினைவிருக்கிறது: ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் இந்திய ரயில்வேயில் இருபது நாட்கள் நடந்த போராட்டம், ஆயிரக்கணக்கில் கைது, குடியிருப்புகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள். இந்தச் சிட்னியிலேயே 1917இல் எவ்லி பட்டறையில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் தண்டிக்கப்பட்ட ரயில் ஊழியர்களில் ஒருவர் பென் சிஃப்லி. அவரே பின்னாளில் இந்நாட்டின் பிரதமரானார். ஊழியரின் வாயைக் கட்டினால் ரயில் ஒழுங்காக ஓடும் என்று நம்பிய எந்த அரசும் அதை நிரூபித்ததில்லை. ஆகவே நீதிமன்றத் தடையைப் பேச்சுவார்த்தைக்குப் பதிலாக அரசு பயன்படுத்தக் கூடாது. 2022 பிப்ரவரி 21 போல, வேலைக்கு வந்து நின்ற ஊழியர்களை வைத்துக்கொண்டே நிர்வாகம் வண்டிகளை நிறுத்துவதும் கூடாது.

தொழிற்சங்கங்களுக்கு நாங்கள் சொல்வது: உங்கள் போராட்டத்தின் அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள். மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருந்து வேலை செய்துவிடுவார். மணிக்கணக்கில் கூலி வாங்கும் துப்புரவுத் தொழிலாளி, முதியோர் இல்லப் பராமரிப்பாளர், உணவகச் சமையற்காரர் அன்றைய கூலியை இழக்கிறார். இரண்டாவது முறை பிந்தினால் வேலையையே இழக்கிறார். அவர்களும் தொழிலாளர்கள்தான். 2022இல் உங்கள் போராட்டத்தின்போது நீங்கள் நிலையங்களின் கட்டணக் கதவுகளைத் திறந்து விட்டீர்கள். நாங்கள் ஓபல் அட்டையைத் தட்டாமல் போனோம். 2018இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் பேருந்து ஓட்டுநர்கள் வண்டியை வழக்கம்போல் ஓட்டி, கட்டணம் மட்டும் வாங்காமல் போராடினார்கள். அரசின் வருமானத்தில் கைவைக்கும் இந்த வழியில் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். அதற்குச் சட்டத்தில் உள்ள தடைகளை நீக்க அரசை வற்புறுத்தவும் தயாராக இருக்கிறோம். முன்னறிவிப்பில்லாமல் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் உடல்நலமில்லை என்று சொல்லும் நிலை வந்தால் எங்கள் ஆதரவை எதிர்பார்க்க வேண்டாம்.

வெஸ்ட்மீட்டிலிருந்து நகரத்துக்கு ஓட்டுநர் இல்லாத மெட்ரோ 2032இல் வரும் என்கிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால் 'மெட்ரோ வந்துவிடும்' என்ற சொல்லைக் காட்டிப் பழைய பாதைக்குச் செலவு செய்யாமல் இருப்பதற்கு நாங்கள் உடன்படமாட்டோம். மெட்ரோ வந்த பிறகும் மெரிலண்ட்ஸ்காரர் பழைய ரயிலில்தான் ஏற வேண்டும்.

அரசிடம் எங்கள் கோரிக்கைகளில் முக்கியமானது, பராமரிப்பு நிதியை ஊதியப் பேச்சுவார்த்தையிலிருந்து சட்டப்படி பிரித்து, ஆண்டுதோறும் தேங்கியுள்ள வேலையின் அளவோடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது. இந்த மூன்றாண்டு ஒப்பந்தம் முடிவதற்கு ஓராண்டு முன்பே அடுத்த பேச்சு தொடங்க வேண்டும். அதில் பயணிகளுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். இடையூறு வரும் நாட்களில் அறிவிப்புகள் தமிழிலும் வர வேண்டும். வைத்தியசாலை நிலையங்களுக்கு மாற்றுப் பேருந்து முதலில் வர வேண்டும்.

யாழ்தேவி ரயில் 24 ஆண்டுகள் யாழ்ப்பாணம் வராமல் கிடந்ததைக் கண்டவர்கள் எங்களில் பலர். ரயில் இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மேற்கு சிட்னித் தமிழரே, உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பாதையில் எவ்வளவு பராமரிப்பு வேலை தேங்கிக் கிடக்கிறது, அதற்கு எப்போது பணம் வரும் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கும் அனுப்புங்கள்.