மேனேஜ்மென்டா, மார்க்கெட்டிங்கா?



பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் சிறப்புப் பாடம் எடுக்க வேண்டி வந்தால், கோலார் தங்கவயலில் வீட்டுப் பெரியவர்கள் யோசிக்காமல் 'மேனேஜ்மென்ட்' என்கிறார்கள். காரணம் புரிகிறது. தங்கச் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்த காலந்தொட்டு இந்த ஊரில் அதிகாரிக்குப் பங்களா, சுரங்கத் தொழிலாளிக்கு லைன் வீடு. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அதிகாரி ஆசை மட்டும் மூடப்படவில்லை.

ஆனால் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு போகும் புதுப் பட்டதாரிக்கு எடுத்த எடுப்பில் யார் மேனேஜர் நாற்காலி தருகிறார்கள்? பெரும்பாலும் முதலில் கிடைப்பது விற்பனை வேலை, இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவை. அதற்கு உதவுவது மார்க்கெட்டிங்தான். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று தெருவிலேயே பழகிய நம் பிள்ளைகளுக்கு அதில் கூடுதல் பலமும் உண்டு. (எந்தப் பாடத்திட்டமும் இதற்கு மார்க் போடுவதில்லை!) நிர்வாகத்தை நாலு வருடம் வேலை பார்த்தபின் எம்.பி.ஏ.வில் படித்தால் நன்றாகவே புரியும்.

உள்ளூர்க் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாடத்தைத் தேர்வு செய்யச் சொல்லுமுன், மாணவர்களை ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் ஒரு மாதமாவது வேலை பார்க்க அனுப்புங்கள்.

- ஒரு வாசகர், ஆண்டர்சன்பேட்டை