நட்சத்திர ஆமைக்கு 7 வருஷம் ஜெயில். அமெரிக்க ஆமைக்கு 30 வருஷம் தீனி! வாங்கும் முன்பு பெயரைக் கேளுங்க

சென்னை,

2023-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கோலாலம்பூரில் இருந்து வந்த விமானத்தில் சென்னையில் இறங்கினார் ஒரு பெண். அவருடைய பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தனர். பிளாஸ்டிக் டப்பாக்களில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன!

பெண் பிடிபட்டார். செய்தி நாலு நாள் பேச்சாகி அடங்கிவிட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் நிற்கிறது. இத்தனை பாம்பும் யாருக்கு? வாங்க ஆள் இல்லாத சரக்கை யாரும் விமானச் செலவு செய்து கொண்டுவர மாட்டார்கள்.

நாய், பூனை, கிளி என்று இருந்த ஆசை இப்போது ஆமை, ஓணான், பாம்பு என்று போய்க்கொண்டிருக்கிறது. ஆசைப்படுவது தப்பில்லை. அது என்ன ஜாதி, எந்த நாட்டு உயிர், எவ்வளவு வளரும் என்று விசாரிக்காமல் வாங்குவதில்தான் வம்பு தொடங்குகிறது.

"ஒண்ணும் பண்ணாது சார்"

வண்ண மீன் கடையில் ஆமை வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

"ஏங்க, இது பெருசாகுமா?"

"இதே சைஸ்தான் சார். ரெண்டு வேளை தீனி போட்டா போதும். ஒண்ணும் பண்ணாது."

பையன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறான். ஒரு ஜோடி ஆமை வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆமையின் பெயரை அப்பாவும் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. எல்லா விஷயமும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அதிர்ஷ்டமா? ஜெயிலா?

கருத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருந்தால் அது நட்சத்திர ஆமை. வீட்டில் வைத்தால் பணம் கொட்டும் என்று நம்பி ரகசியமாக வாங்குகிறவர்கள் உண்டு. பணம் கொட்டுகிறதோ இல்லையோ, போலீஸ் வரலாம்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இன்னும் கடுமையாகிவிட்டது. நட்சத்திர ஆமை இப்போது முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள உயிரைப் பிடித்தாலோ விற்றாலோ 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது. "தெரியாம வாங்கிட்டேன் சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2019-ல் இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்துக்கும் தடை விழுந்தது. குளத்துப் பாலாமை, உடும்பு, மலைப்பாம்பு ஆகியவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. பிடித்து வந்து வளர்க்கக் கூடாது.

இன்னொரு கொடுமை: நட்சத்திர ஆமை தரையில் வாழும் பிராணி. ஆமைதானே என்று தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

சிவப்புக் காது

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது அமெரிக்காவில் இருந்து வந்த சிவப்புக் காது ஆமை. நம் நாட்டு உயிர் இல்லை என்பதால் கடைகளில் வெளிப்படையாகவே நீந்துகிறது.

குட்டியாக இருக்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆனால் பெண் ஆமை ஒரு அடி நீளம் வரை வளரும். 30 ஆண்டு கூட உயிர் வாழும். "இதே சைஸ்தான்" என்று கடைக்காரர் சொன்னது பச்சைப் பொய்.

அதற்குப் பெரிய தொட்டி வேண்டும். ஏறி உட்கார்ந்து வெயில் காயக் கல் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. எலும்புக்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். நேர் வெயிலோ அதற்கான தனி விளக்கோ இல்லையென்றால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். சத்துக் குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும்.

வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து உண்டு. ஆமையின் உடம்பிலும் தொட்டித் தண்ணீரிலும் 'சால்மோனெல்லா' என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். குழந்தைகள் ஆமையைத் தொட்டு வாயில் கை வைக்கிறார்கள் என்பதால்தான், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்க அமெரிக்காவே 1975-ல் தடை போட்டது. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

குளத்தில் விட்டால் புண்ணியமா?

ஆமை பெரிதாகி, தொட்டி நாற ஆரம்பித்ததும் பலருக்குக் கோவில் குளம் ஞாபகம் வருகிறது. இது புண்ணியம் அல்ல, பாவம். இந்த ஆமை நம் ஊர் ஆமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். உலகிலேயே மோசமான 100 அன்னிய உயிர்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய நாடுகள் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டன.

பாம்புக்கும் பதிவு

வெளிநாட்டுப் பந்து மலைப்பாம்பு, பச்சை இகுவானா ஓணான் ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாமல் விற்பவரிடம் வாங்கினால் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

பந்து மலைப்பாம்பு எலி தின்னும். சில சமயம் மாதக் கணக்கில் எதையும் தொடாது. இகுவானா இலை தழை தின்னும். வாலோடு சேர்த்து 5 அடி வளரும். இதெல்லாம் தெரியாமல் வாங்கியவர் வீட்டில் அது பட்டினியிலோ நோயிலோ சாகும்.

முதலில் பாருங்க

இந்த ஆசை உள்ளவர்கள் கையில் பணத்தோடு கடைக்குப் போகும் முன்பு, 1972 முதல் கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணைக்குப் போகலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணையும் இருக்கிறது. வளர்ந்த பிராணி எத்தனை பெரிது, எவ்வளவு இடம் கேட்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

இன்று 5-ம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு நாளை கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் அந்த ஆமை உயிரோடு இருக்கலாம். அதுவரை தொட்டி கழுவப் போவது யார்? இதற்கு வீட்டில் பதில் இருந்தால் பர்சைத் திறக்கலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பையனைக் கிண்டிக்குக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வருவதே மேல்.