இரண்டு பவுன் குண்டு

துப்பாக்கிக் குண்டின் எடையை 'கிரெயின்' கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நமக்கு இது சட்டென்று பிடிபடாது. பவுனில் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலையில் செய்கிற .315 ரைபிளின் குண்டு 244 கிரெயின், அதாவது இரண்டு பவுனுக்கு ஒரு இம்மி குறைவு. அமெரிக்காவில் 'எல்க்' என்ற பெரிய மானை வேட்டையாடுகிறவர்கள் .30-06 ரைபிளில் 150 கிரெயின் போடுவதா, 165-ஆ, 180-ஆ என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை மொத்தமும் கால் பவுன் வித்தியாசத்துக்குத்தான்!

நமக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

திண்டுக்கல் தனி மாவட்டமான பிறகு, கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமம் பார்க்கும் சீட்டில் நான் நாலு வருஷம் இருந்தேன். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று மனுக்கள் வரும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ்தாரர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பட்டியல் தயாரிப்பதற்குள் உயிர் போய்விடும். நான் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் லைசென்ஸ் புதுப்பிக்க வந்து பெஞ்சில் காத்திருந்த பழைய ஆட்களின் பேச்சைக் கேட்டே பாதி பாடம் படித்துவிட்டேன்.

அந்த 'எல்க்' நமக்கு அந்நியமும் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் நம் கடமானைத்தான் 'எல்க்' என்று எழுதி வைத்தார்கள். இலங்கையில் சாமுவேல் பேக்கர் அப்படித்தான் எழுதினார். நுவரெலியா பக்கத்தில் 'எல்க் பிளெயின்ஸ்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பழனி மலையில் வேட்டையாடியவர்களில் பெயர் பெற்றவர் டக்ளஸ் ஹாமில்டன். பேரிஜம் பக்கம் 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்ற இடம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. நன்றாக வளர்ந்த ஆண் கடமான் 250 கிலோவைத் தாண்டும். எல்க்கோடு சரிக்குச் சரி நிற்கும்.

இப்படிப்பட்ட உடம்பில் லேசான, வேகமான குண்டு பட்டால் என்ன ஆகும்? தோள்பட்டை எலும்பில் மோதி மேலேயே சிதறிவிடலாம். மிருகம் விழாது, ஓடும். எங்கோ புதரில் கிடந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். அதே விட்டத்தில் கனம் கூடிய குண்டு நீளமாக இருக்கும். வேகம் குறைந்தாலும் நேராக உள்ளே இறங்கும். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 7 மி.மீ. ரைபிளை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் யானைகளையே வீழ்த்தினார் என்றால், நீளமான கனத்த குண்டும் எங்கே அடிப்பது என்ற தெளிவும்தான் காரணம். அமெரிக்க மலைச்சரிவில் 300 கஜம் தள்ளிச் சுடுகிறவனுக்கு லேசான குண்டில் லாபம் உண்டு. நம் புதர்க்காட்டில் 60 கஜத்துக்கு அப்பால் என்ன தெரியப்போகிறது? கனம்தான் இங்கே சரி என்பது என் கட்சி.

கடமான் வேட்டை 1972 சட்டத்தோடு முடிந்த கதை. முடிந்ததும் நல்லதே. இன்றைய பிரச்சினை காட்டுப்பன்றி. நத்தம், ஒட்டன்சத்திரம், கன்னிவாடி என்று எந்தப் பக்கம் போனாலும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் போட்டவர்கள் புலம்புகிறார்கள். 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயியின் பக்கம் நின்று பார்த்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் குண்டு என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

ஸ்வீடனில் இதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அங்கே பெரிய காட்டுமான் சுட வேண்டுமானால் குண்டு குறைந்தது 9 கிராம். 100 மீட்டரில் அதன் சக்தி 2,700 ஜூல் இருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேல் என்றால் 2,000 ஜூல் போதும். முனை விரியும் குண்டாகவும் இருக்க வேண்டும். அடிபட்ட மிருகத்தைத் தேடப் பழகிய நாயை 2 மணி நேரத்துக்குள் சம்பவ இடத்துக்குக் கொண்டுவர முடிய வேண்டும் என்பதும் விதி.

முனை விரிவது ஏன் முக்கியம்? போருக்கான குண்டுகள் முழுக்க உலோக உறை போட்டவை. முனை விரியும் குண்டை 1890-களில் கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் செய்தார்கள். மனிதன் மேல் அதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899 ஹேக் மாநாட்டில் தடை வந்தது. விசித்திரம் என்னவென்றால், போரில் கொடுமையான அதே குண்டுதான் வேட்டையில் கருணை. உறை போட்ட குண்டு பன்றியின் உடம்பை ஊசிபோலத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம். நம் சமவெளியில் மறுபக்கம் என்ன இருக்கும்? பம்ப்செட் ரூம், ஆட்டுப்பட்டி, கட்டிலைப் போட்டுக் காவலுக்குப் படுத்திருக்கிற ஒருவர்.

ஆகவே பன்றிதானே என்று கையில் கிடைத்ததை நீட்டக்கூடாது. 5.56 மி.மீ. இன்சாஸ் குண்டு 4 கிராம், அரைப் பவுன். உறை போட்டது வேறு. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் எஸ்.ஜி. ரவை ஒவ்வொன்றும் அரைப் பவுனுக்கும் கீழே. 20 கஜம் தாண்டினால் பரவிப்போய், காயம்தான் மிச்சம். நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் போட்டுச் சுடுகிறவனையும் அவுட்டுக்காய் வைத்து வாயைக் கிழிக்கிறவனையும் பிடித்து உள்ளே போடுகிற அரசாங்கம், தான் சுடும்போது அதைவிட ஒழுங்காகச் சுட வேண்டாமா? அடிபட்டு ஓடிய பன்றி, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் தொடையைக் கிழித்தால் யார் பொறுப்பு?

ஆணையில் மூன்று வரி சேர்த்தால் போதும். குண்டு 10 கிராமுக்குக் குறையக்கூடாது, முனை விரிவதாக இருக்க வேண்டும். சுடுகிறவர் வருஷம் ஒரு தடவை குறி பார்த்துத் தேற வேண்டும். அடிபட்டு ஓடியதைத் தேடிக் கண்டுபிடித்து முடித்த பிறகே அந்த ஃபைலை மூட வேண்டும். நம்மூர் .315-இன் இரண்டு பவுன் குண்டு முதல் நிபந்தனையில் தாராளமாகத் தேறும். வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டியதில்லை.